சினேகாவின் ஆறாம் வகுப்பு

சவுரிமுத்துவிடம் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருந்தது. டைல்ஸ் ஒட்டப் போகிற வீடுகளில் சொல்வார், டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் விடாமல் சொல்வார். மகள் சினேகாவைத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆறாவது சேர்க்க அவர் பட்ட பாடுதான் அந்தக் கதை. மூன்று ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் பின்னாலேயே நடந்தது, கடைசியில் பள்ளி ஆபீசில் நாலு பேர் பார்க்க அவர் காலில் விழுந்தது, ஃபாதர் மனம் இரங்கி கிளார்க் லாசரஸைக் கூப்பிட்டு ரெஜிஸ்டரில் பெயர் எழுதச் சொன்னது. அவள் அங்கே படித்தது என்னவோ ஒரு வருஷம்தான். கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து இவர் இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். பிள்ளையைக் கூட்டிப்போக ஆளில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசுப் பள்ளிக்கு ஏழாவதிலேயே மாற்றிவிட்டார்கள். ஆனாலும், "அந்த ஒரு வருசம் போட்ட அஸ்திவாரம்பா" என்றுதான் கதையை முடிப்பார்.

இந்த வருஷம் நீட் ரிசல்ட் வந்தபோது அந்த அஸ்திவாரத்தின் மேல் மாடியே எழும்பிவிட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிற ஏழரை சதவீதத்தில் சினேகாவுக்கு டாக்டர் சீட் நிச்சயம் என்று ஸ்கூலே பேசியது. ஜங்ஷனில் பேனர் வைத்தார்கள். பேனரில் சினேகா சிரிக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று சவுரிமுத்துவே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

கவுன்சிலிங்குக்கு, ஆறாவதிலிருந்து படித்ததற்கு ஸ்கூலில் சான்றிதழ் வாங்க வேண்டும். "நானே போய் வாங்கிக்கிறேன்" என்று சினேகா மூன்று நாளாகத் தள்ளிப்போட்டாள். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நாலாம் நாள் காலை, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மகளின் ஃபைலோடு தலைமையாசிரியை தீபாவின் முன்னால் போய் நின்றார்.

தீபா ஏழாவதிலிருந்து பன்னிரண்டு வரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஆறாவது எங்க படிச்சா?"

கேட்க வேண்டுமா. சவுரிமுத்து கதையை ஃபாதரிலிருந்து ஆரம்பித்தார். கால் பங்கு தாண்டுவதற்குள் தீபா பேனாவை மூடிவிட்டார்.

"அது அரசு உதவி பெறும் பள்ளிதானே?"

"ஆமா மேடம். டீச்சருங்களுக்குக் கவர்மெண்ட்தான் சம்பளம் தருது."

"சம்பளம் தருது. ஆனா அது அரசுப் பள்ளி இல்லீங்க. இந்தச் சலுகைக்கு ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலதான் படிச்சிருக்கணும்."

"ஒரு வருசந்தானே மேடம்."

"ஒரு மாசம்னாலும் கேப்பாங்க."

"நான் சேக்கும்போது இப்டி ஒரு ரூலே இல்லியே."

"அப்ப இந்த ஒதுக்கீடே இல்ல. அவ எட்டாவது படிக்கும்போதுதான் வந்துச்சு." தீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல மார்க்குங்க. ஆனா பொதுப் பட்டியல்ல அந்த மார்க்குக்குக் கிடைக்காது, நாப்பது மார்க்காவது குறையும். இந்தச் சலுகை அடுத்த வருஷம் எழுதினாலும் கிடையாது. என்னையும் மன்னிச்சிருங்க, நான் முன்னாடியே பழைய டிசியைப் பாத்திருக்கணும்."

நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கடைசியில் வந்து அரசுப் பள்ளியில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு சீட்டைத் தட்டிக்கொண்டு போகக் கூடாதே என்று போட்ட வேலி. அதில் வந்து மாட்டியது டைல்ஸ் ஒட்டுகிற சவுரிமுத்து.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தாம்பரத்துக்கு பஸ் ஏறி அந்த மிஷன் பள்ளி ஆபீசுக்குப் போனார். ஃபாதர் மாறிவிட்டிருந்தார். லாசரஸ் மட்டும் தலை நரைத்து அதே நாற்காலியில் இருந்தார்.

"அடடே, சவுரி. பொண்ணு பேனரைப் பாத்தேன். நம்ம ஸ்கூல் பிள்ளை."

"சார், அந்தப் பேரை எடுத்துருங்க சார்."

லாசரஸுக்குப் புரியவில்லை.

"சினேகா இங்க படிக்கவேயில்லன்னு ஒரு லெட்டர் குடுங்க. அந்த வருசம் வூட்லதான் இருந்துதுன்னு எழுதுங்க. இன்னா வோணா எழுதுங்க."

விஷயத்தைக் கேட்டு முடித்தபோது லாசரஸின் முகம் விழுந்துவிட்டது. "பேரு இந்த ரெஜிஸ்டர்ல மட்டும் இல்ல சவுரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் போட்டு கவர்மெண்ட் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நான் பொய் எழுதினா அவளையே மொத்தமாத் தள்ளிருவாங்க. கேஸ் கூட ஆவும்."

சவுரிமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு காலத்தில் இதே இடத்தில் சட்டென்று விழுந்தவர்தான். இப்போது கம்பி வைத்த இடுப்பு மடங்க மறுத்தது. பாதியில் அப்படியே நின்றார். லாசரஸ் எழுந்து ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியது. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம். மனைவி அருள்மேரி பொத்தேரி ஹாஸ்டலில் சமையல் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. சினேகா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் ஃபைலைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ஸ்கூலுக்குப் போயிருந்தியாப்பா?"

"உனக்கு சீட்டு இல்லன்னுட்டாங்கம்மா." ஃபைலைக் கீழே வைத்தார். "நான்தான். அந்த ஆறாவது."

"தெரியும்பா."

"இன்னா தெரியும்?"

"லெவன்த்துலயே தெரியும். கோச்சிங் கிளாஸ்ல ரூல் எல்லாம் படிச்சாங்க."

சவுரிமுத்து சுவரோரம் மெல்ல உட்கார்ந்தார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

சினேகா தோலை ஊதித் தள்ளினாள். "நீ அந்தக் கதைய அவ்ளோ ஆசையாச் சொல்லுவ. பொது லிஸ்ட்லயே வர்ற அளவுக்கு மார்க் எடுத்துட்டா, உனக்கு இது தெரியவே வேணாம்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அதுக்குத்தான் படிச்சேன்." குரல் அங்கேதான் உடைந்தது. "நாப்பது மார்க் பத்தலப்பா."

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுவாரம் சேலையூரில் ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஷ்யாம்சுந்தர் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேனரைப் பார்த்ததாகச் சொன்னார். "நல்லா படிக்கிற பொண்ணு. ஆரம்பத்துலேர்ந்தே அந்த கவர்மெண்ட் ஸ்கூல்தானா?"

சவுரிமுத்து டைல்ஸை ஓரம் பார்த்து வைத்து, ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினார்.

"ஆமா சார்," என்றார். "ஆறாவதுலேர்ந்தே அங்கதான்."