பொட்டி சொன்ன ஒரு வரி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் பனியன் கம்பெனி திருப்பூர் வீரபாண்டியில் இருக்கிறது. இப்போது மகன் கந்தவேல் பார்க்கிறான். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் போவேன். போகாவிட்டால் யார் என்ன செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

ஆயுத பூசை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையில் இன்டர்நெட் செத்துக் கிடந்தது. கேட்டில் கன்டெய்னர் லாரி நிற்கிறது. நாலு மணிக்குள் தூத்துக்குடிக்குக் கிளம்பாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. பனியனெல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறியாகிவிட்டது. பெட்டிமேல் ஒட்டும் லேபிள் மட்டும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டரிலிருந்து இறங்க வேண்டும். அது இறங்கும் வழியில் ஒரு பொட்டி காவலுக்கு இருக்கிறது. ஃபயர்வால் என்று பேர். யாரை உள்ளே விடலாம், யாரை வெளியே விடலாம் என்று பார்ப்பது அதன் வேலை. எங்கள் கேட் வாட்ச்மேன் மாதிரிதான், என்ன, இது தூங்காது. அன்றைக்கு அது ஒருத்தரையும் விடவில்லை.

அந்தப் பொட்டிக்கெல்லாம் பொறுப்பு விஜயராணி. எங்கள் பழைய ஃபிட்டர் ராக்கையாவின் மகள். அப்பன் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். பெண் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். பேச்சு எங்கள் பேச்சுதான், கோபம் வந்தால் மட்டும் அப்பன் ஊர்ப் பேச்சு வரும். பெருமாநல்லூரில் பொங்கியண்ணன் கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது, மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று பூசைக்கு நாலு நாள் முன்னால்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். பூசைக்கும் வராமல் சொந்த ஊருக்குப் போனவள், கம்பெனி திறந்த அன்று காலையில்தான் திரும்பி வந்தாள்.

எனக்கு இது போதாதா? போகிறவள் பொட்டியைப் பூட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கந்தவேல், கொஞ்சம் பொறுங்கப்பா என்றான். நான் பொறுக்கவில்லை. பொங்கியண்ணன் எனக்கு மாப்பிள்ளை முறை. அவனுக்குப் போனைப் போட்டு, இந்தப் பிள்ளையைச் சேர்க்காதே, வெளியே போகையில் குழி பறித்துவிட்டுப் போகிற ஆள் என்று சொல்லிவிட்டேன். நாலடி தூரத்தில்தான் அவள் நின்றாள். திருப்பூரில் ஒருத்தர் பேர் கெட்டால், ஆள் பஸ் ஏறுவதற்குள் பேர் பெருமாநல்லூர் போய் உட்கார்ந்திருக்கும். அது தெரிந்துதான் செய்தேன்.

அவள் அழவில்லை. பொட்டி என்ன சொல்கிறதென்று பார்த்துவிட்டுப் பேசிக்கலாமுங்க என்று சிஸ்டம் ரூமுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போய் ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பொட்டியின் முன்பக்கத்தில் டெலிபோன் ஒயர் சொருகுவது போல ஒரு வாய் இருக்கிறது. மற்ற வழியெல்லாம் அடைத்துக்கொண்டாலும் அந்த வாய் வழியாகப் பொட்டியோடு நேருக்கு நேர் பேசலாமாம். கன்சோல் என்கிறார்கள். வெளிர்நீலத்தில் பட்டையாக ஒரு ஒயர். ஒரு முனையை அந்த வாயிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் மாட்டி, பொட்டியை ஒருதரம் அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் கட்டமும் கேள்விக்குறியும் கோணல் எழுத்துமாகக் கொட்டியது. பார்த்தாயா, வைரஸ் என்றேன். வைரஸ் இல்லையாம். பொட்டி பேசுகிற வேகம் ஒன்று, லேப்டாப் கேட்கிற வேகம் வேறு, அதனால்தான் உளறலாகத் தெரிகிறதாம். வேகத்தை மாற்றினாள். உடனே வெள்ளை எழுத்து வரி வரியாக ஓட ஆரம்பித்தது. ஒரு பொட்டி, தான் எழுந்திருப்பதைத் தானே சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறது.

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. எனக்கு ராக்கையா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எங்களுக்கு வேலம்பாளையத்தில் வாடகை ஷெட். ரெண்டே ரெண்டு நிட்டிங் மெஷின். சிமென்ட் சீட் கூரை, கோடையில் உள்ளே நின்றால் தலை வெந்துவிடும். பஞ்சுத்தூசி புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். துணியில் கோடு விழுந்தால் ராக்கையா மெஷினைத் திறக்கமாட்டான். நீள ஸ்குரூ டிரைவர் ஒன்று வைத்திருப்பான். அதன் நுனியை ஓடுகிற மெஷின் மேலும், கைப்பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். நான் என்னடா, என்னடா என்று நச்சரிப்பேன்.

"செத்த சும்மா இருங்க மொதலாளி. அது சொல்லிக்கிட்டிருக்குல்ல."

அவனிடம் அப்படி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை. கரன்ட் போனால் துணி உருளைமேல் ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம். அவன் பன்னை முக்கித் தின்பான். கரன்ட் வந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் மெஷின் எழும்பும். எதிர் வரிசையில் யார் ஷெட்டில் என்ன மெஷின் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். அந்தச் சத்தம் இப்போது எங்கே கேட்கிறது? எல்லாம் கண்ணாடிக்குள் ஏசிக்குள் போய்விட்டது. ராக்கையா போய்ச் சேர்ந்தும் ஒன்பது வருசம் ஆகிறது.

விஜயராணி எழுத்து நின்றதும் நாற்காலியில் சாய்ந்தாள். பொட்டி வெறுமையாக இருக்கிறதாம். அவள் வைத்த பாஸ்வேர்டு, வழி, விதி எல்லாம் அழிந்து, கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போல இருக்கிறதாம். பூட்டியிருந்தால் கூடத் திறக்கலாம், இது துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். துடைத்தது யார் என்று கேட்டேன்.

நல்லவேளை, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். அதை ஏற்றினாள். ஏற்றியபின் பொட்டி ஒருதரம் அணைந்து எழ வேண்டும். எழுந்தது. மறுபடியும் வெறுமை. இன்னொரு தரம் ஏற்றினாள். மறுபடியும் அதேதான். மணி ஒன்றரை. லாரி டிரைவர் ரெண்டு தரம் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கந்தவேல் வாசலில் நின்று நகத்தைக் கடித்தான். வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறாள் என்று அவனிடம் முணுமுணுத்தேன். அவள் காதில் விழுந்தது.

"நீங்க சந்தேகப்படறது உங்க இஷ்டம். ஆனா செத்த பேசாம இருங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் தரம் அவள் நகலை ஏற்றவில்லை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பொட்டியை அணைத்துப் போட்டாள். எழுத்து ஓடுகிற வேகத்தில் கண்ணுக்குப் பிடிபடாது அல்லவா? பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்தி வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. கந்தவேலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எனக்குத் தமிழில் சொன்னான்: ரீசெட் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் அழிக்கிறேன் என்று பொட்டியே சொல்கிறதாம். ஒவ்வொரு தரம் எழும்போதும் சொல்கிறதாம். அப்படியென்றால் அந்தப் பட்டன் இந்த நிமிஷம் வரைக்கும் அழுந்தியே இருக்கிறது.

அவள் ஒயர்களைக் கழற்றிப் பொட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தது. சந்தனத்தைச் சுரண்டினாள். அடியில் சின்னதாக ஒரு ஓட்டை. ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கிற ட்வீசரை வாங்கிவரச் சொல்லி உள்ளே விட்டு இழுத்தாள். அரை அங்குலத்துக்கு ஒரு குச்சி வந்தது. சிவப்புச் சாயம் போட்ட மூங்கில் குச்சி. முகர்ந்து பார்த்தாள்.

ஊதுபத்திக் குச்சி.

நான் சேரிலிருந்து எழுந்துவிட்டேன்.

இதையும் சொல்லவேண்டும். வேலம்பாளையத்து ஷெட்டில் முதல் ஆயுத பூசைக்கு ஊதுபத்தி வைக்க இடமில்லை. வாழைப்பழத்தில் குத்தி மெஷின்மேல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி விழுந்தது. பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்பு விழுந்தால் என்ன ஆகும்? ராக்கையா டிரில்லை எடுத்து மெஷின் காலில் பத்தி நிற்கிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து எந்த மெஷின் வாங்கினாலும் முதலில் பத்தி ஓட்டை. கட்டிங் மெஷின், காஜா மெஷின், ஜெனரேட்டர், எதுவும் தப்பவில்லை. ஓட்டை போட்டதும் அவன் என்னைப் பார்த்து, சாமிக்கு வாசல் வெச்சாச்சு மொதலாளி என்பான். எங்கள் மெஷினைப் பழசாக வாங்கிப் போனவர்கள் இது எதுக்குங்க என்று கேட்பார்கள். நாங்கள் ரெண்டு பேரும் சிரிப்போம்.

பூசையன்று சிஸ்டம் ரூமில் யாரும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். முன்பக்கம் விளக்கெல்லாம் எரிகிறதே என்று இந்தப் பொட்டிக்குப் பின்பக்கம் வைத்தேன். அங்கே ஒரு ஓட்டை இருந்தது. அட, இந்தக் கம்பெனிக்காரனும் நம்மைப் போல விவரம் தெரிந்தவன் என்று நினைத்து, பத்தி ஆடாமல் நிற்கும்படி அழுத்திக் குத்தினேன். கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்து திரும்ப எரிந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பத்தி எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே நின்று, பிறகு வெளியே நீட்டியிருந்த மிச்சக் குச்சியை ஒடித்துப் போட்டு, ஓட்டைமேலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். நெருப்பு விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை.

கந்தவேல் குச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கூட்டிப் பெருக்குகிற சின்னாத்தாளைக் கூப்பிடு, அவள்தான் வைத்திருப்பாள் என்றான். சின்னாத்தாள் படி ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. விஜயராணி என்னைப் பார்க்கவே இல்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பத்து எண்ணுகிற நேரம் அப்படித்தான் இருந்தேன். அதை மறைக்க விருப்பமில்லை.

"நாந்தான் குத்துனேன்" என்றேன்.

கந்தவேல் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் வெளியே போனான். விஜயராணி ஒயரை மாட்டி நகலை ஏற்றினாள். பொட்டி அணைந்து எழுந்தது. இந்தத் தரம் அவள் பாஸ்வேர்டைக் கேட்டது. ரெண்டு மணிக்கு லேபிள் இறங்க ஆரம்பித்தது.

காலையில் எங்கே நின்று பேசினேனோ அதே இடத்தில் போய் நின்று, அவளையும் கூப்பிட்டு, பொங்கியண்ணனுக்குப் போனைப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். ஆபீசே கேட்டது. இந்தப் பிள்ளை தங்கம், தப்பு என்மேல்தான் என்று நடந்ததைச் சொன்னேன். ஊதுபத்தி என்றதும் அவன் மூச்சுத் திணறச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்:

"ஏனுங் மாமா, காலையில குழி பறிக்கற ஆளுன்னீங்க, மத்தியானம் தங்கமுங்கறீங்க. நான் எந்தப் பேச்ச எடுத்துக்கறதுங்க?"

எழுபத்தி மூணு வயசில் என் பேச்சை இன்னொருத்தன் இப்படி எடை போட்டது அதுதான் முதல் தடவை.

"காலையில சொன்னது சந்தேகம், மாப்ள. இது கண்ணுல பாத்தது. பொட்டியக் கெடுத்தவன் நானு. அத வரி வரியாப் படிச்சுக் கண்டுபுடிச்சது இந்தப் புள்ள."

அவன், போனை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்றான். அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வராண்டாவுக்குப் போனாள். கண்ணாடி வழியாக அவள் தலை ஆடுவது மட்டும் தெரிந்தது. ராக்கையா இருந்திருந்தால் என்ன முகத்தோடு நின்றிருப்பேன்?

திரும்பி வந்து போனை என் கையில் கொடுத்தாள். ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிவிட்டாராம். இங்கேயே இருந்துக்கோ கண்ணு என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கீழே லேபிள் ஒட்ட ஆள் பத்தவில்லை என்றார்கள். இறங்கிப் போய் நானும் ஒட்டினேன். கோணலாக ஒட்டுகிறேன் என்று ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இந்தியில் வைதாள். பிய்த்து நேராக ஒட்டினேன்.