கழுத்துச் சீட்டு

காலை பதினொரு மணிக்குத்தான் நாக்கு சுத்தமாக இருக்கும் என்பது என் அண்ணனின் கட்சி. அதனால் பத்தே முக்காலுக்கே வந்து சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்துவிட்டான். ஒயின் போட்டிகளில் நடுவராக இருப்பது அவன் தொழில். அந்த வட்டாரத்தில் அவனுக்கு 'மூக்கு' என்று பெயர். அவன் இல்லாத நேரங்களில் எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான்.

என் கணவர் கோப்பைகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையின் மறுகோடியில் அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் கட்டு இருந்தது, அதன் மேல் அவருடைய பூதக்கண்ணாடி. நாற்பது வருடம் மற்றவர்களின் புத்தகங்களில் பிழை திருத்தியவர், முதல் தடவையாகத் தன் பெயரில் ஒன்று போடுகிறார். ஒரே மலைச்சரிவில், ஒரே தோட்டத்தில் விளைந்த சிவப்பு ஒயினைப் பற்றியது அது. எண்பத்தாறு முதல் இரண்டாயிரத்து மூன்று வரை வருடத்துக்கு ஒரு பாட்டில். இளசாக, சல்லிசாக வாங்கிக் கீழறையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்கள் வீட்டில் அவசரப்படாத ஒரே ஆள் அவர்தான். பதினெட்டில் பதினாலைக் குடித்துக் குறிப்பு எழுதியாகிவிட்டது. மீதி நான்கையும் இன்று அண்ணனோடு திறந்து, காலியாக விட்ட நான்கு பக்கங்களை நிரப்பி, நாளை காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். முன்னுரை அண்ணன் எழுதுகிறான்.

அந்தப் பதினெட்டு பாட்டிலிலும் ஒட்டியிருக்கும் வருடம் தப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன், அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த வாரம், கீழறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நான் மூன்று நாள் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது முழங்கால் அளவு தண்ணீர். மரத்தட்டு சாய்ந்து, பாட்டில்கள் உருண்டு கலந்து கிடந்தன. மலைச்சரிவின் படம் போட்ட பெரிய லேபிள்கள் சுருங்கினாலும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை எல்லா வருடத்துக்கும் ஒன்றுதான். வருடம் அச்சடித்த சின்னச் சீட்டு கழுத்தில் இருக்கும். அந்தப் பதினெட்டுச் சீட்டுகளும் தண்ணீரில் மிதந்தன.

முப்பத்தொரு வருடம் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் நான். எத்தனை ஆயிரம் பாட்டில்களில் சீட்டு ஒட்டியிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஒன்றில்கூட மாற்றி ஒட்டியதில்லை. அந்தத் திமிர் இருந்தது. சீட்டுகளைச் செய்தித்தாளில் உலர்த்தினேன். டார்ச்சை ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின்னால் பிடித்துப் பார்த்தேன். சில கறுத்திருந்தன, சில வெளுத்திருந்தன. இருமல் சிரப் பழசானால் கறுக்கும். கடையில் பழைய சரக்கை அப்படித்தான் கண்டுபிடிப்போம். இருப்பதிலேயே கறுப்பானதற்கு எண்பத்தாறு. அடுத்ததற்கு எண்பத்தேழு. இப்படியே போய், வெளிறிய கடைசி பாட்டிலுக்கு இரண்டாயிரத்து மூன்று. ஒட்டி முடித்து, கை கழுவி, பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். அவருக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்தார். ஒரு பாட்டிலைத் திறக்கச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். உயிர் பிழைத்து வந்த மனிதர் சந்தோஷமாகப் படிக்கிறார். அப்போது சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போது சொல்வது?

நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் வீட்டு விருந்தில் பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்: "சிவப்பு வயசானா வெளுக்கும். நம்ம தலை மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் கீழறைக்குப் போய் ஒரு சீட்டை நகத்தால் கிளறினேன். ஓரம் கிழிந்தது. மருந்துக் கடைப் பசை அது. எளிதில் பிரிந்து வராது.

மிச்சம் இருந்த ஒரே ஆபத்து தக்கை. தக்கையின் பக்கவாட்டில் வருடம் முத்திரை குத்தியிருக்கும். சிகிச்சைக்குப் பிறகு அவருடைய வலது கை நடுங்கும் என்பதால் பாட்டிலைத் திறப்பது என் வேலை. அதுவரை எண்ணைப் பார்க்காமலே தக்கையைக் குப்பையில் போட்டவள், அன்றிலிருந்து அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வேன். உடைந்துவிட்டது என்பேன். பழைய தக்கை உடைவது சகஜம்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் அண்ணன்.

எண்பத்தெட்டு என்று ஒட்டியிருந்ததை முதலில் கொண்டுவந்தேன். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று தக்கைத் திருகியை இறக்கி இழுத்தேன். முழுசாக வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன்: 2001. பையில் போட்டேன்.

அண்ணன் கோப்பையைச் சாய்த்து வெள்ளை மேஜைத்துணிக்கு மேல் பிடித்தான். "என்ன மாப்ளே, இவ்வளவு கறுப்பா இருக்கு? எண்பத்தெட்டா இது?"

"எனக்கு நிறம் தெரியறதில்லை மச்சான். கண்ணுல புரை விழுந்ததிலேர்ந்து எல்லாம் பழுப்புதான்."

அண்ணன் முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். வாயில் ஊற்றி, கன்னங்களுக்குள் உருட்டி, பக்கத்தில் வைத்திருந்த கிண்ணத்தில் துப்பினான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தக்கையைக் குடு."

"உடைஞ்சு போச்சுண்ணா."

"உடைஞ்ச துண்டைக் குடு. மோந்து பார்க்கணும்."

"குப்பையில போட்டுட்டேன்."

"அதுக்குள்ளேயா? நீ இன்னும் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லையே."

"உனக்கு மூக்கு மட்டும்தான் நீளம்னு நெனச்சேன்," என்றேன். "கண்ணும் நீளமாத்தான் இருக்கு."

அவன் சிரித்தான். ஆனால் கண் என் பையிலிருந்து நகரவில்லை. நான் அலமாரிக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு தட்டை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

என் கணவர் அதற்குள் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்திருந்தார். அவர் துப்புவதில்லை, டாக்டர் அளந்து கொடுத்த அளவைத் துப்பி வீணாக்க மாட்டேன் என்பார். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நீண்ட நேரம். அந்த மௌனம் எனக்குப் பழக்கம்தான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்த மௌனத்தில்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பேனாவை எடுப்பார். இன்று எடுக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். சிரிக்காதே."

"சொல்லு."

"இந்தப் புத்தகத்தோட நிறுத்திக்கறேன். கீழே இருக்கற மத்த பாட்டில் எல்லாத்தையும் நீ எடுத்துட்டுப் போயிடு. என் நாக்கு போச்சு."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆபரேஷனுக்கு அப்புறம்தான்," என்றார் அவர். "மாத்திரையா, மயக்க மருந்தா, தெரியலை. பழசு புதுசா தெரியுது. புதுசு பழசா தெரியுது. இதோ, இது எண்பத்தெட்டு. என் நாக்குக்கு இதுல துவர்ப்பு இன்னும் அடங்கவே இல்லை. பத்து வருஷம் கழிச்சு வான்னு சொல்லுது. எண்பத்தெட்டு அப்படிச் சொல்லுமா?"

புரூஃப் கட்டுக்கு அடியிலிருந்து தன் கையெழுத்து நோட்டை எடுத்துப் பிரித்தார். நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அவர் படித்துக் காட்டியதெல்லாம் சுத்தமாக மறுபடி எழுதிய பக்கங்கள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது, அதை அடித்துவிட்டு அதன் கீழே பேனாவில் வேறு குறிப்பு.

"பென்சில்ல இருக்கறது நான் ருசிச்சது. பேனாவுல இருக்கறது அந்த வருஷத்துக்கு என்ன ருசி இருக்கணுமோ அது. நாற்பது வருஷம் அடுத்தவன் எழுதினதைச் சரி பண்ணிப் பழகிட்டேன். இதையும் சரி பண்ணிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "யாரும் கண்டுபிடிக்கப் போறதில்லை. ஆனா எனக்குத் தெரியும் இல்லே? ருசிக்காததை எழுதி எம்பேரைப் போட்டுக்கறேன்."

"மாப்ளே, இரு. எனக்கும் இது சின்ன வயசாத்தான் தெரியுது," என்றான் அண்ணன்.

"தேத்தாதே."

"தேத்தலை. சத்தியமா. பாட்டில்லதான் ஏதோ கோளாறு."

"நாற்பது வருஷமா அந்தத் தோட்டக்காரனை எனக்குத் தெரியும். அவன் சீட்டு மாத்தற ஆளில்லை. நீ நல்லவன், மச்சான். எங்க அப்பா சாகக் கிடந்தப்பகூட அவருக்கு முகம் தெளிஞ்சிருக்குன்னு சொன்னவன் நீ."

அண்ணன் கோப்பையை எடுத்து மறுபடி முகர்ந்து பார்த்தான். இனி அவன் எதைச் சொன்னாலும் அது ஆறுதல் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

நான் அலமாரிக்கு அருகில் நின்றிருந்தேன். பிழை அவர் புத்தகத்தில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் பயந்திருந்தேன். எழுத்துப் பிழை மாதிரி ஒன்று, யாரோ நான்கு பேர் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள், அவமானம், அவ்வளவுதான் என்று. அவர் நாக்கைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலிலும் இந்த மனிதர் தன்னை அடித்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். சரியாக இருந்ததை அடித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறார். நான் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

பையிலிருந்து தக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். தக்கையைச் சுழற்றி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் மெல்லச் சாய்ந்துகொண்டான்.

"இது ஏது?"

"இந்த பாட்டிலோடது."

சொன்னேன். குழாய், தண்ணீர், மிதந்த சீட்டுகள், பசை. "எது எதுன்னு எனக்குத் தெரியலை. குத்துமதிப்பா ஒட்டினேன்," என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எந்தக் கணக்கில் ஒட்டினேன் என்று அப்போது சொல்லவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தக்கையை மேஜையில் நிமிர்த்தி நிறுத்தினார். அவர் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று மனம் தேடியது.

"மச்சான்," என்றார் கடைசியில். "இதுல இன்னும் மூணு கீழே இருக்கு. உனக்குப் பிடிச்ச ஒண்ணை எடு. கழுத்துல துணியைச் சுத்தி எடுத்துட்டு வா. தக்கையை நீயே வச்சுக்கோ. எனக்குக் காட்டாதே."

அண்ணன் எழுந்து போனான். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அதைத் தொடவில்லை.

அண்ணன் துண்டு சுற்றிய பாட்டிலோடு வந்தான். திறந்து, தக்கையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டான். வண்டல் கலங்காமல் ஊற்றினான். எனக்கே தெரிந்தது, செங்கல் நிறம். அவருக்கு அது தெரியாது.

அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். நடுங்கும் கையை இடது கையால் தாங்கிக்கொண்டார். ஒரு வாய். கண்ணை மூடினார். நாக்கு போய்விட்டது என்று நிஜமாகவே இருந்தால் என்ன செய்வது? தக்கையைக் காட்டி அவருக்கு ஆசை காட்டியிருக்கிறேன். இப்போது தப்பாகச் சொன்னால், நான் சொன்னது எதுவும் அவரை மீட்காது.

"ஈரக் காளான். காஞ்ச இலை," என்றார். "துவர்ப்பு எல்லாம் கரைஞ்சு போச்சு. இதுக்கு மேல வச்சா செத்துடும்." மறுபடி ஒரு வாய். "எண்பத்தேழு இல்லே. அந்த வருஷம் மழை. எண்பத்தாறு."

அண்ணன் பையிலிருந்து தக்கையை எடுத்து மேஜையில் உருட்டினான். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு பாட்டிலில் சுற்றியிருந்த துண்டை உருவி, நான் ஒட்டிய சீட்டைப் பார்த்தார். 2003.

"அப்போ என் நாக்கு சரியாத்தான் இருக்கு," என்றார். "பொய் சொன்னது நீ ஒருத்திதான்."

"ஆமா."

"நானும்தான். பேனாவுல."

அண்ணன் எழப் போனான். "உக்காரு மச்சான், நீ எங்கே ஓடறே," என்றார். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "ஏழு வருஷம் நான் படிக்கப் படிக்க எதிர்ல உக்காந்து கேட்டியே. உனக்குச் சிரிப்பு வரலை?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவை வந்துச்சு," என்றேன். "'பதினேழு வயசுப் பையனைப் போல நிமிர்ந்து நிற்கிறது'ன்னு எழுதியிருந்தீங்க. அது வெளிறிப்போய், கிழமா, ஊத்தறப்பவே தள்ளாடிச்சு."

அண்ணன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை. புரூஃபைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். மெதுவாகப் படித்தார். பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டார்:

"இது நாளைக்கு அச்சுக்குப் போயிருந்தா?"

இல்லை, எப்படியும் சொல்லியிருப்பேன் என்று சொல்லலாம். அவர் நம்பக்கூடும்.

"போயிருக்கும்," என்றேன். "நாக்கு போச்சுன்னு நீங்க சொல்லாம இருந்திருந்தா போயிருக்கும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, அடித்திருந்த பென்சில் வரிகளின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார்.

"அச்சகத்துக்குப் போன் பண்ணி ஒரு மாசம் ஆகும்னு சொல்லு," என்றார் என்னிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அடுத்ததை எடுத்துட்டு வா, மச்சான். நீயே திற. அவகிட்ட குடுக்காதே."