நடைக்கு வந்த கணவர்

பெரியவளுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது ஆச்சரியப்பட்டவர் அவள் கணவர் ஒருவர்தான். வீட்டில் இவளுக்கு என்ன டென்ஷன் என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டர் நாகரிகமானவர், பதில் சொல்லாமல் பேனாவை மூடிவைத்தார்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். பெரியவளுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை எவனோ செய்த தப்புக்கெல்லாம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தான் செய்யாத தப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் கணவர் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாரென்றால் மயிரிழை விரிசலும் தப்பாது. வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நேரத்துக்குத் தூங்கச் சொன்னார், படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதே என்றார், தினமும் காலையில் நடக்கச் சொன்னார். சில மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரைதான் என்றார். பெரியவளின் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் குளிக்கப் போன இடத்தில் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துபோய், கடைசிவரை பிறர் ஊட்டித்தான் சாப்பிட்டாள். அந்தப் பயத்திலேயே பெரியவள் மறுநாள் காலையில் நடக்கக் கிளம்பினாள்.

துணைக்குச் சின்னவள் வந்தாள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைப்பவர்கள் இந்த இருவரைப் பார்த்ததில்லை. முதல் நாள் பூங்காவை நல்ல பிள்ளைகளாகச் சுற்றினார்கள். மறுநாள் சின்னவள், தன் வீட்டுக்காரர் ஈரத்துண்டை மெத்தைமேல் போடுவதைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. தான் மூடிய கேஸ் சிலிண்டரைத் தன் கணவர் மறுபடி போய் மூடிப் பார்ப்பதைப் பெரியவள் சொன்னாள். அவரைப் போலவே கையில் இல்லாத டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கியும் காட்டினாள். சின்னவள் சிரித்த சிரிப்பில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. ஒருநாள் அண்ணன் தலை உருளும், மறுநாள் தம்பி தலை உருளும். திரும்பி வரும்போது பெரியவளின் மனசு பஞ்சு மாதிரி இருக்கும். கணவர் எதையாவது குறை சொன்னாலும், இது நாளைக்கு ஆகும் என்று உள்ளுக்குள் எடுத்து வைத்துக்கொள்வாள். அழுத்தம் மளமளவென்று இறங்கியது.

இறங்கியதைப் பார்த்த கணவருக்குப் புல்லரித்துவிட்டது. நடைக்கே இத்தனை பலன் என்றால் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார். மறுநாள் காலையில், புத்தம் புது ஷூவும் கழுத்தில் துண்டுமாக வாசலில் நின்றார். சின்னவள் முகத்தைப் பெரியவள் பார்த்தாள். பெரியவள் முகத்தைப் பார்க்கச் சின்னவளுக்குத் தைரியம் வரவில்லை.

மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் வந்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேசிக்கொண்டே நடந்தால் மூச்சு வீணாகும் என்றார். கையை வீசச் சொன்னார், முதுகை நிமிர்த்தச் சொன்னார். பெரியவள் குதிகாலை வைப்பதிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். சின்னவள் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள், பிறகு முழங்கால் வலி என்று மாடியிலேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போலப் பூங்காவைச் சுற்றினார்கள், வாயே திறக்காமல்.

அடுத்த முறை டாக்டர் கருவியைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுற்றிப் பார்த்தார். முன்னைவிட ஏறியிருந்தது. நடையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். வேகத்தைக் கூட்டியிருக்கிறோம் என்றார் கணவர் பெருமையாக. இன்னும் ஒரே ஒரு தவணை பார்க்கலாம் என்று டாக்டர் மாத்திரையைத் தள்ளிவைத்தார். வெளியே வந்து படியிறங்கும்போது பெரியவளுக்கு அம்மாவின் நினைவு வந்தது. இன்றைக்கும் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நாங்க நடக்கப் போனதே உங்களைத் திட்டுறதுக்குத்தான்."

அவருக்குப் புரியவில்லை. பெரியவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், டம்ளர் நடிப்பைத் தவிர.

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"உங்ககிட்ட சொன்னா சண்டை. அவகிட்ட சொன்னா சிரிப்பு."

கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் நாற்காலியில் கிடந்த கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தொழிற்சாலையில கேமரா வச்சுட்டாங்க. பாட்டிலை அது பார்க்குது. நான் அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எத்தனை நாளைக்கு உட்கார விடுவாங்கன்னு தெரியல."

பெரியவள் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள். எப்போது வைத்தார்கள் என்று கேட்டாள். மழைக்காலத்துக்கு முன்னாலேயே என்றார். இத்தனை மாதமும் அவர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் போய் வந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா உனக்கு ஏறிடும். தினமும் சொல்லிடலாம்னுதான் கூட வந்தேன். வாய் வரல. அதான் வேகமா நடந்துட்டேன்."

இவருக்கு என்ன டென்ஷன் என்று தானும் ஒருநாள் கேட்கவில்லையே என்று பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று வெகுநேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மாடிக்குப் போய்ச் சின்னவளிடம் சொன்னாள். சின்னவளின் முழங்கால் வலி அந்த நிமிஷமே பறந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அண்ணனையும் தம்பியையும் ஒன்றாக நடைக்கு விரட்டினார்கள். பெண்கள் ஒரு பக்கமாகச் சுற்றுவது, ஆண்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது என்று ஏற்பாடு. அண்ணனும் தம்பியும் தண்ணீர் மோட்டாரையும் கரண்ட் பில்லையும் தாண்டி வேறு எதையும் பேசி வருஷக்கணக்காகிறது. முதல் சில நாள், முன்பின் தெரியாத இருவர் ஒரே திசையில் போவதைப் போலத்தான் நடந்தார்கள். பெண்கள் எதிரில் கடந்தபோது இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஒருநாள் பூங்காவின் கோடி வளைவில் திரும்பும்போது சின்னவள் பெரியவளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். தூரத்தில் பெரியவளின் கணவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கழுத்தைச் சாய்த்து, கண்ணை உருட்டி எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். அது அசல் பெரியவளேதான். கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அண்ணன் தோளில் கைபோட்டுச் சிரித்தான். கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பெரியவளுக்கு நினைவில்லை. கண் கலங்கியது.

"அக்கா, உங்களைத்தான் திட்டுறாரு," என்றாள் சின்னவள்.

"தெரியுது. நம்மளைப் பார்த்தா நிறுத்திடுவாங்க," என்ற பெரியவள் அவளை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். "வா, இப்படியே போயிடலாம்."