கொலைக்கு ஏற்ற வண்டி

கொலைக்கு எந்த வண்டியை எடுப்பது என்று முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் முதல் அறை டிரைவர் கியரின் கன்னத்தில் விழுந்தது. சேர்மன் உட்காரும் முன் அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அவை நாகரிகம் வேண்டாமா?" என்றார் சேர்மன், உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி.

அவர் எதற்கும் சேர்மன் அல்ல. முப்பது லாரிகளுக்கு முதலாளி, அவ்வளவுதான். ஷெட்டில் ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். அதில் உட்காருபவர் சேர்மன் என்று தானே தீர்மானம் போட்டுத் தானே வழிமொழிந்துகொண்டார். வாயைத் திறந்தால் மேடைத் தமிழ்தான். ஒருவன் விரலை ஒடிக்கும்போதுகூட "வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒடிப்பார். கியரின் இடது சுண்டுவிரலுக்குப் போன வாரம்தான் அந்த வருத்தம் தெரிவிக்கப்பட்டிருந்தது. கொலை செய்ய மாட்டேன் என்று அவன் சொன்னதற்கு.

சாக வேண்டியவர் லாரிகளை எடை போடும் எடைமேடையின் கிளார்க். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய சேர்மனின் லாரி ஒன்று கவிழ்ந்து மூன்று பேர் நசுங்கிச் செத்திருந்தார்கள். 'இந்த வண்டி போகக் கூடாதுன்னு நான் சொன்னேன், அடிச்சுப்போட்டுட்டு எடுத்துட்டுப் போனாங்க' என்று வியாழக்கிழமை கோர்ட்டில் சொல்லப் போகிறவர் அவர். கியருக்கு அவர் அத்தான். கூடப்பிறந்த அக்காவின் புருஷன்.

"அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்றார் சேர்மன். "அந்நியன் மோதினால் கொலை. சொந்த மைத்துனன் மோதினால் விபத்து. உலகம் அப்படித்தான் பார்க்கும்."

"ஆமாண்ணே, ஆமாம்" என்றான் பல்லி. சேர்மனின் அடியாள். அவர் தும்மினாலும் ஆமாம் போடுவதால் அந்தப் பெயர்.

அத்தானை முன்கூட்டியே எச்சரிக்கலாமே என்று கேட்பீர்கள். கியரும் இரண்டு ராத்திரி அதைத்தான் யோசித்தான். ஆனால் அத்தானுக்குப் பொய் வராது, ரகசியமும் தங்காது. காதில் சொன்னால் மத்தியானமே ஷெட்டுக்கு வந்து, "என்னைக் கொல்லப் போறீங்களாமே, நம்ம பையன் சொன்னான், நெசமா?" என்று விசாரிப்பார். சரி, போலீசுக்குப் போகலாமென்றால், உள்ளூர் ஸ்டேஷனிலும் சேர்மனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

ஷெட்டில் இரண்டு சின்னக் கார்கள் நின்றன. பார்க்கக் காய்கறி வாங்கப் போகும் வண்டிகள். வயிற்றுக்குள் பந்தய என்ஜின். ஒரே கம்பெனி, ஒரே பெயர். சிவப்பு, இருபத்தைந்து வருடப் பழசு. சாம்பல் நிறம், ஆறு மாதப் புதுசு.

பழசு கியரின் உயிர். அதன் என்ஜினை மூன்று முறை பிரித்துப் பூட்டியவன் அவன். புதுசை அவன் வண்டி என்றே சொல்ல மாட்டான். "சக்கரம் வச்ச டிவி" என்பான். ஆனால் அந்த டிவியின் நெற்றியில் ஒரு கேமரா, மூக்கில் ஒரு ரேடார். குறுக்கே ஆள் வந்தால், ஓட்டுபவன் என்ன நினைக்கிறான் என்று கேட்காமல் அதுவே பிரேக்கைப் பிடிக்கும். ஐம்பதைத் தாண்டாமல் போனால் சுத்தமாக நின்றுவிடும். பழசுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. மிதித்தால் போகும், எதன் மேலும் போகும்.

"புதுசுதாண்ணே சரி" என்றான் கியர்.

பல்லி வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். "இது என்னடா புதுக்கதை? எங்க தாத்தா செத்த வீட்டுலகூட பழசைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினவன் நீ."

"அது ரசிக்கற வண்டி. இது வேலைக்கு."

ஸ்பேனர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. கியர் ஒற்றைக்காலில் ஷெட்டைச் சுற்றி வந்தான்.

"ஏன் புதுசு? ஒழுங்கா சொல்லு!"

"சத்தம் வராது!" என்று அலறினான் கியர். "டயர் அகலம்! பிக்கப் ஜாஸ்தி! ஏறி உக்காந்தா சேர்மன் பேரைச் சொல்லி வணக்கம் வைக்கும்!"

கடைசிக் காரணத்தில் சேர்மனின் முகம் சற்று மலர்ந்தது. ஆனாலும் அவர் நடுநிலை தவறாதவர். "இரண்டையும் ஆய்வு செய்வோம். சம்பவத்தின்போது நானும் உடன் இருப்பேன். வரலாற்றுத் தருணங்களில் தலைமை முன்வரிசையில் இருக்க வேண்டும்."

முதலில் பழசில் ஏறினார். அதில் பந்தயக்காரர்களுக்கான குழிவான சீட். சேர்மன் உள்ளே இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார், பிறகு நின்றார். எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பை இரண்டு பக்கமும் சீட் கவ்விப் பிடித்திருந்தது. பல்லி கையைப் பிடித்து இழுத்தான். சேர்மன் உந்தி உதைத்ததில் ஷூவின் குதிகால் அவன் வாயில் பட்டு முன்பல் ஒன்று பெட்ரோல் டின்னுக்குப் பின்னால் போய் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே "ஆமாண்ணே" என்றான்.

அரை மணி நேரத்தில் சேர்மன் மீட்கப்பட்டார். "புதியதே பொருத்தமானது" என்று அறிவித்தார். தீர்மானத்தை நிறைவேற்றியது இடுப்புதான் என்பதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கியர் மூச்சு விட்டான். மூச்சு பாதியில் இருக்கும்போதே சேர்மன் தொடர்ந்தார். "பல்லி பழையதில் பின்தொடர்வான். தப்பினால் அவன் முடிப்பான்."

மறுநாள் காலை பதினோரு மணி. எடைமேடைக்குப் போகும் பாதை ஒரு லாரி அகலம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வேலி. பக்கத்துப் பாதையில் பன்னிரண்டு லாரிகள் எடைக்கு வரிசையில் நின்றன. கியர் நாற்பத்தைந்தில் வந்தான். பக்கத்தில் சேர்மன் பெல்ட் போடாமல் மடியில் இரும்புக் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பெல்ட் தொண்டர்களுக்குத்தான் என்பது அவர் கொள்கை. கண்ணாடியில் பழசின் சிவப்பு முகம் தூரத்தில் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. தான் நின்றால் பல்லி நிற்க மாட்டான் என்பது கியருக்கு அப்போதுதான் உறைத்தது.

அத்தான் கையில் சீட்டுக்கட்டோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வேலியின் இடைவெளி வழியாகப் பாதையின் குறுக்கே நடந்தார்.

"வேகம்! வேகம்!" என்றார் சேர்மன்.

வண்டி தன் வேலையைச் செய்தது. டயர்கள் கிறீச்சிட்டன. சேர்மனின் முகம் முன்கண்ணாடியைச் சந்தித்தது. மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கியருக்குத் தெளிவாகக் கேட்டது. "ஐயோ எம்மா, என் மூக்கு போச்சே!" என்றார் சேர்மன், வாழ்நாளில் முதல்முறையாக இலக்கணமில்லாமல்.

அத்தானுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டேய் மச்சான், என்னடா இது? லாரி வர்ற வழியில காரைக் கொண்டாந்து சொருகற?"

"ஓடு அத்தான்!"

"எதுக்கு?"

பேச நேரமில்லை. கதவைத் திறந்து குதித்திருக்கலாம். குதித்தால் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு பழசு அத்தான் மேல் போய்விடும். கியர் இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, முதுகைச் சீட்டில் அழுத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தான்.

பழசு வந்து மோதியது.

இத்தனை வருடம் அவன் எண்ணெய் போட்டுத் துடைத்த என்ஜின், புதுசின் பின்சீட்டு வரை வந்து நின்றது. கியரின் விலாவில் மூன்று ஒடிந்தன. வண்டி கோணலாக ஒரு முழத்துக்குச் சற்று மேல் நகர்ந்தது. அத்தானின் வலது முழங்கால் பம்பருக்கும் வேலிக்கம்பத்துக்கும் நடுவே அகப்பட்டு உள்ளே எதுவோ முறிந்தது. அவர் போட்ட கூச்சலில், கியருக்கு உயிர் வந்தது. செத்தவன் கத்த மாட்டான். பழசின் ஸ்டியரிங் கம்பி பல்லியின் நெஞ்சுக்குள் போயிருந்தது. இந்த முறை அவன் எதற்கும் ஆமாம் சொல்லவில்லை.

சேர்மன் கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்தார். முகம் சிவப்பு மாவு பிசைந்த பாத்திரம் மாதிரி இருந்தது. குழாயை இழுத்துக்கொண்டு அத்தானை நோக்கி நடந்தார். கியர் ஜன்னல் வழியாக எட்டி அவர் சட்டையைப் பிடித்தான். குழாய் அவன் மணிக்கட்டில் இறங்கியது. விட்டுவிட்டு மறு கையால் பிடித்தான். அதற்குள் லாரிக்காரர்கள் வேலியைத் தாண்டிக் குதித்திருந்தார்கள். கவிழ்ந்த லாரியில் செத்த மூன்று பேரோடு அவர்களில் பலர் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். குழாய் கைமாறியது. சேர்மன் "சகோதரர்களே" என்று தொடங்கினார். உரை அத்தோடு முடிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது, ஒரு காலைத் தனியாக ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தானும் மச்சானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். நடுவில் அக்கா நின்றாள். யாரை முதலில் அடிப்பது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா லீவு போட்டிருப்பேனேடா" என்றார் அத்தான்.

"நேரா அவன்கிட்டயே போய்க் கேட்டிருப்பே."

"கேக்கத்தான் செய்வேன். அதுல என்ன தப்பு?"

அக்காவுக்கு முடிவாகிவிட்டது. புருஷன் தோளில் ஒன்று வைத்தாள்.

உள்ளூர் ஸ்டேஷனை நம்பாமல் மேலிடம் அனுப்பிய அதிகாரி ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். கியர் நடந்ததையெல்லாம் சொன்னான். அவர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"உங்க மேல வண்டியைக் கொண்டாந்தது இவர்தானா?"

"இவன்தான், சார்."

"அத்தான்!" என்றான் கியர்.

"நீதானேடா ஓட்டினே? சார், எழுதிக்குங்க. நின்னதும் நெசம். அதையும் எழுதிக்குங்க."

"நிறுத்தினது இவரா, வண்டியா?"

அத்தான் கூரையைப் பார்த்தார். கியர் அவரையே பார்த்தான். ஒரே ஒரு சொல், 'இவன்' என்ற ஒரு சொல் போதும். அவன் பத்து வருடம் உள்ளே போகாமல் வீட்டுக்குப் போகலாம். அக்காவும் புருஷனை முறைத்தாள். அந்த முறைப்புக்கு லாரியே நின்றிருக்கும்.

"முதல்ல நின்னது எப்படின்னு எனக்குத் தெரியாது, சார்" என்றார் அத்தான் கடைசியில். "தெரியாததை எழுத்துல குடுக்க மாட்டேன். ஆனா பின்னாடி அந்தச் சிவப்பு வண்டி வந்து இடிக்கறப்ப, இவன் குதிக்கலை. கண்ணால பார்த்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அதை வேணா ரெண்டு தடவை எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார். கியருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று விலா ஒடிந்தவன் சிரிக்கக் கூடாது. வலியில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.