ஹார்க்கட் துரையின் நாற்பத்தோராம் பக்கம்

அமெரிக்காவில் எடிசன் நகரத்தில் நெடுஞ்செழியனுக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, க்ரீன் கார்டும் வந்துவிட்டது. வம்சத்தில் ஒரு டாக்டர்தான் இல்லை. மாமனார் கந்தசாமி ஈரோட்டில் பேர்போன சர்ஜன். இப்போது ரிட்டயராகி, மூத்த மாப்பிள்ளை சபரியோடு எடிசனிலேயே பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அந்தச் சகலை இருதய டாக்டர். குடும்பம் கூடினால் பேச்சு முழுக்க ஆபரேஷன்தான். இவன் வாயைத் திறந்தால் போதும், "மாப்ள, அந்த வைஃபை என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார் மாமனார். பதினான்கு வருஷமாக வைஃபை பார்த்துப் பார்த்து மனுஷன் நொந்து போயிருந்தான்.

அப்படிப்பட்டவன் கையில்தான் ஹார்க்கட் துரை சிக்கினார். சொந்த ஊரில் ஒரு நோயாளிகூட எட்டிப் பார்க்காததால் கப்பலேறி வந்து, தாராபுரத்தில் பன்னிரண்டு வருஷம் வைத்தியம் பார்த்து, திரும்பிப் போனதும் அதை முந்நூறு பக்கத்துக்கு எழுதித் தள்ளிய இங்கிலீஷ் டாக்டர். அந்தப் பழைய புத்தகம் இன்டர்நெட்டில் சும்மா கிடந்தது. நெடுஞ்செழியன் படித்தானா? அதெல்லாம் கிடையாது. சர்ச் பண்ணினான். தாராபுரத்தில் வாழ்ந்த கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் நஞ்சுண்டன். அதைத் தட்டியதும் நாற்பத்தோராம் பக்கம் வந்து நின்றது. அந்தக் காலத்துத் தாராபுரத்தில் தெருவுக்கு நாலு நஞ்சுண்டன் இருந்திருப்பார்களே என்று அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இரண்டே வரிக்கு மஞ்சள் அடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"பாத்தியா வான்மதி, எங்க வம்சத்துலயும் டாக்டர் இருந்திருக்காரு. வெள்ளைக்காரனே எழுதி வெச்சிருக்கான்."

"ஏனுங்க, முழுசாப் படிச்சீங்களா?"

"அதான் ஹைலைட் பண்ணியிருக்கனே."

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினான். பிள்ளையை மேடையேற்றாத ஐட்டத்துக்குச் சங்கத்தில் நேரம் தர மாட்டார்கள். ஆகவே துரையின் இங்கிலீஷை அமெரிக்க உச்சரிப்போடு எட்டாம் வகுப்பு மகள் ஓவியா வாசிப்பதென்று முடிவானது. பக்கங்களை ஆபீஸில் பிரின்ட் எடுத்தான். அது கறுப்பு வெள்ளை பிரின்டர். மஞ்சள் எங்கே போனதோ போயிற்று, தாளைத் திருப்பிப் பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை.

விழாவில் முதல் வரிசை முழுக்க டாக்டர்கள். ஓவியா ஆங்கிலத்தில் வாசித்தது தமிழில் இதுதான்: "இந்த ஜில்லாவில் நஞ்சுண்டனைப் போல வைத்தியன் கிடையாது. அவன் பிழைக்க வைத்த உயிர்கள் ஆயிரம்."

கைதட்டல் பலமாக விழுந்தது. மேடை ஓரத்தில் நின்ற நெடுஞ்செழியன் மாமனாரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். பிள்ளை நிறுத்தவில்லை.

"என்று அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். என் மருந்தைத் திருடி, வெல்லத் தண்ணீர் கலந்து விற்கிறான். பிழைத்தால் அவன் கைராசி, செத்தால் துரை கொடுத்த மருந்து."

சபரி தொடையைத் தட்டிச் சிரித்தான். கந்தசாமிக்குத் தோள் குலுங்கியது. "நல்ல வம்சம் மாப்ள" என்றார், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. நெடுஞ்செழியனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இனிமேல் சாகும்வரை வைஃபைதான். மகள் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கப் போனான். அதற்குள் அவள் தாளைத் திருப்பியிருந்தாள்.

"அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காய்ச்சல் தானாகத் தணிந்தால் என் திறமை என்று லண்டனுக்கு எழுதுகிறேன். ஆள் போய்விட்டால் அவன் உடம்பு வாகு என்று எழுதுகிறேன். எங்களுக்குள் ஒரே வித்தியாசம், என்னிடம் பட்டம் இருக்கிறது."

முதல் வரிசையில் பாதிப் பேர் வாட்சைப் பார்த்தார்கள். சபரி அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தான். பின்வரிசையில் ஷ்யாமளா ஆன்ட்டி எழுந்தே நின்றுவிட்டார். "கரெக்ட்டா எழுதியிருக்கான்! என் முழங்கால் சர்ஜரி ஃபெயில் ஆனப்போ, உங்க பாடி டைப் அப்படின்னுதான் சொன்னாங்க." ஹாலே அதிர்ந்தது.

"போதும் மாப்ள, டைம் ஆச்சு. பாப்பாவ நிறுத்தச் சொல்லுங்க" என்றார் கந்தசாமி. குரலில் கெஞ்சல் இருந்தது. பதினான்கு வருஷத்தில் வைஃபை தவிர வேறொன்றை அவர் இவனிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

நெடுஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை மகள் வாயருகே இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"அடுத்த பக்கம் படி, கண்ணு."