பச்சை அடுப்பு

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து திருத்தங்கல் மாரித்தாய் வீட்டு அடுப்பு பச்சையாக எரிந்தது. விறகை மாற்றினாள், மண்ணெண்ணெய்க்குப் போனாள். வெறும் தீக்குச்சியைக் கிழித்தாலும் அதே பச்சைதான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் பேரியம் நைட்ரேட் சலிப்பது அவள் வேலை. வானத்தில் பூ பச்சையாக விரிவது அதனால்தான். அங்கே அதற்குப் பச்சை உப்பு என்றே பெயர். வருஷக்கணக்கில் கைரேகைக்குள் இறங்கிய உப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை. திருத்தங்கல்காரர்கள் ஒருநாள் வந்து பார்த்தார்கள், மறுநாள் வத்தல் விலையைப் பேசப் போய்விட்டார்கள்.

அவள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. விடியற்காலைச் சென்னை வண்டி சிக்னலுக்கு முன்னால் அவள் அடுப்பைப் பார்த்துவிடும். பச்சைதானே என்று திருத்தங்கலில் நிற்காமல் போய்விடும். இறங்க வேண்டியவர்கள் சிவகாசியில் இறங்கி, முணுமுணுத்துக்கொண்டே டவுன் பஸ்ஸில் திரும்பினார்கள்.

மகன் விக்னேஷ்குமார் சென்னையில் இருந்தான். பட்டாசு மருந்தில் கை வைக்கக் கூடாதென்று அவனை அழ அழ அனுப்பியவள் அவள்தான். அந்தத் தீபாவளிக்கு வருகிறேன் என்றான். பாவி மனுஷி, பிள்ளை பசியோடு இறங்குமே என்று முன்னதாகவே எழுந்து பணியாரச் சட்டியை ஏற்றிவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிக் கையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் வீடே பச்சையாக இருந்தது. வண்டி வேகம் குறையாமல் அவன் முகத்தைக் கொண்டுபோனது. சிவகாசியில் இறங்கியவன் பஸ் ஏறவில்லை. போன் மட்டும் பண்ணினான்.

"மறுபடியும் பச்சை காட்டி அனுப்பிட்டியேம்மா."

"ஏலே, ஒனக்காகத்தாம்லே அடுப்பப் பத்த வச்சேன்" என்பதற்குள் வைத்துவிட்டான். ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்க, தட்டு நிறையப் பணியாரத்தோடு தனியாக உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு அவன் பேசவே இல்லை.

மறுவருஷத்திலிருந்து தீபாவளி விடியலில் வண்டி வரும்வரை அவள் தீ மூட்டுவதில்லை. வண்டி வந்து நின்றுவிடும். பச்சை சிக்னல் விழுந்தாலும் நகராது. மாரித்தாய் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள். உள்ளே இருப்பவர்களும் விளக்கைப் போட்டு, அவளுக்குத் தெரியும்படி முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் சுந்தரபாண்டி ஹாரன் அடிப்பதில்லை.

"பாத்துட்டீகளாக்கா?" என்று மட்டும் கேட்பார்.

"அடுத்த வருசம் வருவான். நீங்க கெளம்புங்க அண்ணாச்சி, சனம் ஊர் போய்ச் சேரணும்ல."

உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைப்பாள். வண்டி நகரும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ரயில் அட்டவணையிலும் வண்டி நிற்கும் அந்த நேரத்தைச் சேர்த்துவிட்டார்கள். மூட்டிய தீயை வீணாக்காமல் அவள் ஒரு ஆளுக்குக் காப்பி போட்டுக்கொள்வாள்.