பதினேழாம் எண் பாகம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே விழட்டும். சத்தியத்தை முதலிலேயே செய்துவிடுகிறேன். பாதிக் கதையில் செய்தால் யாரும் நம்புவதில்லை.

கடிகாரக்காரர் நாற்பது வருடம் தன் வீட்டில் ஒரே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். ஒரு திருகாணியைக்கூடக் கீழே விட்டதில்லை என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவர்தான். அவருடைய அண்ணன் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதியவர். இருவருக்கும் சேர்த்து ஒரே கிறுக்கு: பழைய போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்வது. அதிலும் முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் மட்டும். இரண்டடுக்கு இறக்கையும் நடுவே கம்பிகளுமாக, துணி காயப்போட்ட கொடி பறக்கக் கிளம்பியது போல இருக்குமே, அவை. வர்ணம் அண்ணன், ஒட்டுவது தம்பி. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்ததில்லை.

கடைசி விமானத்துக்கு அண்ணன், எண் போட்ட பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமலேயே வர்ணம் பூசிக் கொடுத்தார். மறுவாரம் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்று வாரம் இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மூக்குல குழாய் சொருகி என்னையே விமானமாக்கிட்டாங்க. இறக்கைதான் பாக்கி," என்றார் அண்ணன். "கட்டிலுக்கு மேல ஒரு கொக்கி இருக்கு பார். நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டேன். நம்ம விமானத்தை அதுல தொங்கவிடு."

"படுத்துக்கிட்டுப் பாத்தா அதோட வயிறுதானே அண்ணே தெரியும்?"

"முதுகைப் பூசும்போதே பாத்தாச்சு. வயித்தைக் காட்டு, போதும்."

கடிகாரக்காரர் பெட்டியைத் திறந்தார். வழிமுறைத் தாளை மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்தார். கடிகாரத்தைப் பிரித்து மாட்டியவருக்குக் காகிதம் எதற்கு? மனைவியின் சீப்பிலிருந்து எடுத்த நரைமுடியால் இறக்கைக் கம்பிகளையெல்லாம் கட்டி, ஆறு நாளில் எல்லாம் முடிந்தது. பாக்கி பதினேழாம் எண் மட்டும்: பின் இருக்கைத் துப்பாக்கி, ஒன்றரை அரிசி நீளம். மற்ற எல்லாவற்றுக்கும் வர்ணம் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை. அண்ணனின் கை அந்த இடத்தில்தான் ஓய்ந்திருக்கிறது என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதை இடுக்கியால் பிடித்தார்.

டிக்.

இடுக்கி இருந்தது. துப்பாக்கி இல்லை.

முதல் நாள் தரையை உள்ளங்கையால் தடவினார். இரண்டாம் நாள் விளக்குமாற்றைக் குச்சி குச்சியாகப் பிரித்தார். மூன்றாம் நாள் தூசி உறிஞ்சும் மெஷினின் பையை மாவுச் சல்லடையில் கொட்டிச் சலித்து, வீட்டுத் தூசியை மாதவாரியாகக் குவித்து வைத்தார். ஜூன் மாதக் குவியலில் மனைவியின் தோடு கிடைத்தது.

"இதைத் தேட அன்னைக்கு நீங்க குனியக்கூட இல்லை," என்றாள் அவள்.

"அது தோடு. வேற வாங்கலாம்."

"வாங்கினீங்களா?"

அவர் தரைப்பலகையைப் பெயர்க்கப் போனார். பலகைக்கு அடியில் பதினொரு கடிகாரத் திருகாணிகள் வரிசையாகக் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பலகையைத் திரும்ப ஆணி அடித்தார்.

பலகை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மாவின் அறைக்குள் விழுந்திருக்கலாமே என்று தோன்றியது. இறங்கிப் போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து வந்தவங்க யார் பல்லுலயாவது சாம்பல் கலர்ல ஏதாவது மாட்டியிருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"வாயைத் திறங்க."

"எனக்கில்லம்மா."

"இந்த நாற்காலியில உக்காந்தவங்களைச் சும்மா அனுப்புற பழக்கம் எனக்கில்லை."

ஒரு கடைவாய்ப்பல் குறைந்து மேலே வந்தார். ஒரு கடிகாரச் சாவித் தண்டை அரத்தால் ராவித் துப்பாக்கி செய்தும் பார்த்தார். அச்சு அசலாக வந்தது. ஆனால் அண்ணனின் கை ஓய்ந்த துப்பாக்கி அதுவல்ல. குப்பையில் போட்டார்.

தினமும் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் அண்ணன் கேட்பார்: "முடிஞ்சுதாடா?"

"ஒரு சின்ன வேலை பாக்கி அண்ணே."

"என்ன வேலை?"

"சின்னதுதான்."

"எதையாவது கீழ போட்டுட்டியா?"

"நானா?"

அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவர வேண்டியதாயிற்று.

பதினெட்டாம் நாள் குரல் பாதியாக இறங்கியிருந்தது. "இருக்கிறபடியே கொண்டு வாடா. வயித்தைத்தானே பாக்கப் போறேன்."

"உங்க வேலை முழுசா இருக்கு, என் வேலை அரைகுறையா இருக்கலாமா? நாளைக்கு முழுசாவே தொங்கவிடறேன்."

"சரி. கொக்கி எங்கயும் போகாது," என்றார் அண்ணன், அதைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடிகாரக்காரர் அலமாரியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி எடுத்தாள். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "தேடினது போதும், வாங்க," என்றாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டிருந்தார்கள். கொக்கி எங்கேயும் போகவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, கதவுக்குப் பின்னால் தொங்கிய வேலைச் சட்டையை மனைவி துவைக்க எடுத்தாள். பையைப் பத்து முறை துழாவியவர், மடித்த கையை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் பிரித்தாள். டிக். விழுந்ததைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் இடுக்கியால் அதை எடுத்துப் பின் இருக்கையில் பொருத்தப் பார்த்தார். பொருத்துவதற்குத் துளை இல்லை. கண்ணில் லென்ஸைச் சொருகித் தேடினார். எங்கேயும் இல்லை. அப்போதுதான் முதல்முறையாக அந்த வழிமுறைத் தாளைப் பிரித்தார்.

இரண்டாம் பக்கத்தில் பதினேழாம் எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு, கடைப் பலகைக்கு எழுதுவது போல அண்ணன் அழகாக எழுதியிருந்தார்: "இது துப்பாக்கி இல்லாத ரகம். விட்டுடு."